செகண்ட் ஹேண்ட் கிராண்ட் ஐ10: இடது பக்கக் கார்பெட்டில் ஈரம், பூஞ்சை நாற்றம். வெள்ளத்தில் நின்ற வண்டியா?

லால்குடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் இது. 2016 மார்ச்சில் பதிவான ஹூண்டாய் கிராண்ட் ஐ10, 1.2 பெட்ரோல், 61,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் ஓனர் சென்னை வேளச்சேரி. திருச்சியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 3,40,000 ரூபாய்க்கு எடுத்தேன். ஆடி பிறப்பதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், ஜூலை 13ஆம் தேதி அவசர அவசரமாக முடித்தேன். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் என்ஜின், கிளட்ச், கியர் எல்லாம் பார்த்தோம். உட்புறத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. டேஷ்போர்டில் மல்லிகை வாசனை பாட்டில் ஒன்று இருந்தது, அதுவே நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டில் தீர்ந்த நாலாம் நாள் உண்மையான வாடை வந்துவிட்டது. நனைந்த கோணிப்பையை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அதே வாடை. முன் சீட்டில் அம்மா கால் வைக்கும் இடத்தில் கால்மிதியைத் தூக்கிக் கார்பெட்டை அழுத்தினால் விரல் நனைகிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. வாரம் ஒரு தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் காரே வாங்கினேன். இந்த வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இருமல் தொடங்கிவிடுகிறது. வியாபாரியைக் கேட்டால், "வாட்டர் சர்வீஸ் பண்ணின ஈரம், காய்ஞ்சிடும்" என்கிறார். இரண்டு வாரம் ஆகிவிட்டது, காயவில்லை. வேளச்சேரி வண்டி என்பதால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

சேலம் ரவுண்ட்ஸ்:

நண்பா, காபிக்கொட்டையை ஒரு துணியில் முடிந்து சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். கூடவே உள்ளே ஒரு ஷாம்பு வாஷ் போட்டால் வாடை போய்விடும்.

மதுரைப் பட்டறை:

தம்பி, இப்போதைக்கு ஷாம்பு வாஷ் வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே இன்னும் தண்ணீரை ஊற்றினால், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு இன்னும் குடிக்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

வண்டி எடுத்த நாளிலிருந்து மழை பெய்ததா? ஏ.சி. போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? ஈரம் இடது பக்கம் மட்டுமா, டிரைவர் பக்கமும் பின்னாலும் இருக்கிறதா?

லால்குடிக்காரன்:

மழை ஒரு துளி இல்லை அண்ணே, ஆடிக் காற்றும் புழுதியும்தான். ஈரம் முன்னால் இடது பக்கம் மட்டும். அடியில் தண்ணீர் சொட்டி நான் பார்த்ததே இல்லை. சொட்டாமல் இருப்பது நல்லதுதானே?

மதுரைப் பட்டறை:

நல்லதில்லை தம்பி, அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஏ.சி. ஓடும்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் சில்லென்று ஆகும். குளிர்ந்த சொம்பின் மேல் வியர்க்கிற மாதிரி காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியாக வெளியே போய்த் தரையில் சொட்ட வேண்டும். டியூப் அடைத்துக்கொண்டால் காயில் இருக்கும் பெட்டி நிறைந்து உள்ளேயே வழியும். மழையே இல்லாமல் ஒரு பக்கக் கார்பெட் மட்டும் நனைகிறது என்றால் நான் முதலில் அந்த டியூபைத்தான் பார்ப்பேன்.

உறுதி செய்ய ஒரு வழி: இரண்டு நாள் ஏ.சி.யே போடாமல் ஓட்டுங்கள். ஈரம் உள்ள இடத்தில் பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள். தினமும் தாளை மாற்றி எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்க ஏ.சி. போட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஓசூர் ஷிஃப்ட்:

ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகினாலும் இதே இடம்தான் நனையும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே வரும். அதையும் பார்த்துவிடுங்கள், அது செலவு பிடிக்கும் வேலை.

மதுரைப் பட்டறை:

சரியான சந்தேகம். வெள்ளை டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுங்கள். கூலன்ட் என்றால் நிறம் ஒட்டும், விரலில் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை வரும், கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவைப் பேனாவால் குறித்து வைத்து ஒரு வாரம் பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கூலன்ட் விஷம்.

பள்ளிக்கரணைவாசி:

சகோ, வெள்ளத்தைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் கார்கள் பானட் வரை முழுகி நின்றன. அதில் எத்தனையோ வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர் போயின. அதனால் கேட்பது சரி. உங்கள் வண்டி 2016 பதிவு என்பதால் 2015 வெள்ளத்தை விட்டுவிடலாம். 2023ஐ மட்டும் பார்க்க வேண்டும்.

நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் ஒரு முழத்தைத்தான் தேய்ப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியின் மூலையில் விரல் விடுங்கள், வண்டல் இருந்தால் நறநறக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, கையே எட்டாத ஒயர் சாக்கெட்டுகளில் காய்ந்த மண் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் என்றால் இடது பக்கம் மட்டும் நனைத்துவிட்டுப் போகாது. நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் தடம் விட்டிருக்கும்.

இன்னொன்று, பழைய இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். 2024இல் புதுப்பித்ததில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எவ்வளவு என்று இருக்கும். 50 சதவீதம் இருந்தால் தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் வாங்கவில்லை என்று பொருள். கிளெய்ம் வாங்கினாலும் போனஸ் குறையாமல் காக்கும் ஆட்-ஆன் (கூடுதல் கவர்) போட்டிருந்தாலோ, கைக்காசில் வேலை பார்த்திருந்தாலோ இது ஏமாற்றும். அதனால் பெல்ட்டையும் ஸ்டெப்னி குழியையும் பார்த்தே ஆக வேண்டும்.

லால்குடிக்காரன்:

மூன்று நாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஏ.சி. இல்லாத இரண்டு நாளும் செய்தித்தாள் லேசாகத்தான் ஈரமானது. மூன்றாம் நாள் ஏ.சி. போட்டுத் திருச்சி போய் வந்தேன், தாள் கூழாகிவிட்டது. டிஷ்யூவில் நிறம் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. கூலன்ட் குறித்த கோட்டிலேயே நிற்கிறது.

நான்கு பெல்ட்டும் கடைசி வரை சுத்தம். ஸ்டெப்னி குழியில் தூசியும் ஒரு குழந்தையின் ஹேர் கிளிப்பும்தான் இருந்தன. துரு இடது முன் சீட்டின் தண்டவாளத்தில் மட்டும், அதுவும் மேலோட்டமாக. டிரைவர் பக்கத் தண்டவாளம் பளிச்சென்று இருக்கிறது. பாலிசி 2024 மார்ச்சில் புதுப்பித்தது, போனஸ் 50 சதவீதம், அந்த ஆட்-ஆன் இல்லை. படித்ததும் பெருமூச்சு விட்டேன்.

பள்ளிக்கரணைவாசி:

இது வெள்ள வண்டி இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மதுரைப் பட்டறை:

இனி டியூப். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் இரும்புச் சுவரில் அதன் முனை தெரியும். கீழிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்று அடித்தால் போதும். கம்பியை உள்ளே குத்த வேண்டாம், கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் ஏ.சி. கேஸ் போய்விடும். அதே கையோடு, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் பாருங்கள். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்க ஸ்டாப்பரையும் கழற்றினால் டப்பா கீழே இறங்கும், ஃபில்டர் பின்னால்தான் இருக்கும்.

பிறகு உலர்த்துவது. இதில்தான் பலர் அவசரப்படுவார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சீட்டை எடுங்கள். கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டையை நெம்பிக் கார்பெட்டைத் தூக்கி, அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுங்கள். பஞ்சில் பழைய துண்டை வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள். அப்புறம் டேபிள் ஃபேன், கதவு திறந்தபடி வெயில். பஞ்சு கையில் சரசரவென்று காய்ந்திருக்க வேண்டும். அதுவரை மூடாதீர்கள், மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. பூஞ்சை கறுத்துப் பிடித்திருந்தால் அந்தப் பஞ்சுத் துண்டை மட்டும் வெட்டி மாற்றுங்கள். அம்மாவுக்கு இளைப்பு இருக்கிறது என்கிறீர்களே, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

லால்குடிக்காரன்:

முடிந்தது அண்ணே! டியூபின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது குளவிக் கூடு. சுண்டைக்காய் அளவு மண் உருண்டை, கல் மாதிரி இறுகியிருந்தது. மெக்கானிக் அதைப் பெயர்த்ததும் பழுப்பு நிறத்தில் அரைச் சொம்புத் தண்ணீர் கொட்டியது. வண்டி வியாபாரியிடம் நான்கு மாதம் வெட்டவெளியில் நின்றதாகச் சொன்னார்கள், அப்போது கட்டியிருக்க வேண்டும். கேபின் ஃபில்டர் சாம்பல் நிறத்தில் கம்பளி போல இருந்தது. அதன் மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலைகள். புதியது நானூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

பஞ்சை உலர்த்த நான்கு நாள் ஆனது. உள்ளங்கை அளவு இடம் கறுத்திருந்தது, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தேன்.

ஓசூர் ஷிஃப்ட்:

அருமை! இனிமேல் வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். கூலிங் காயில் காய்ந்துவிடும், வாடை திரும்பாது.

சேலம் ரவுண்ட்ஸ்:

நான் சொன்னது தவறான யோசனை, மன்னிக்கவும். ஆனால் ஒன்று கேட்கிறேன், பேப்பர் வேலை முடித்துவிட்டீர்களா? இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற, வண்டி கைமாறி 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் 50 சதவீத போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதனால் கொஞ்சம் பணம் கட்டச் சொல்வார்கள். ஃபாஸ்டேகும் பழையதை அவர் மூடிய பிறகு நீங்கள் புதிதாக வாங்க வேண்டும்.

மதுரைப் பட்டறை:

என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் எப்போது மாற்றினார்கள் என்று யாரையும் கேட்காமல் ஒரு முறை மாற்றிவிடுங்கள், உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பழைய வண்டியில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள்.

லால்குடிக்காரன்:

இன்சூரன்ஸ் விண்ணப்பம் பன்னிரண்டாம் நாளே கொடுத்துவிட்டேன். ஆயில் வேலை சனிக்கிழமை.

நேற்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். போக வர ஒரு தடவைகூட இருமவில்லை. வீட்டில் இறங்கி வாசல்படி ஏறியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "டேய், வண்டிக்கு அடியில தண்ணி ஒழுகுதுடா" என்று பதறினார். ஒழுகத்தான் வேண்டும் என்று சொல்லி, குனிந்து அந்தச் சொட்டைக் காட்டினேன். நான்கு டயரும் 2021. ஸ்டெப்னி மட்டும் 0916, வண்டியோடு வந்ததாக இருக்கும். அதையும் சனிக்கிழமையே மாற்றிவிடுகிறேன்.