பிஎஸ்என்எல் 4ஜி: ஒரே சிம்மா வைக்கலாமா, ரெண்டாவது சிம்மா மட்டும் வச்சுக்கலாமா? (நாலு பேர் வாதம், புனைபேர் மேல, பேச்சு கீழ)

சில்லறைக்கணக்கு
2024 ஜூலை முதல் வாரத்துல ஜியோ, ஏர்டெல், விஐ மூணும் கட்டணத்தை ஏத்தினாங்க. ஜியோவோட 239 ரூபாய் பேக் (28 நாள், தினம் 1.5 ஜிபி) 299 ஆச்சு. அப்போ பிஎஸ்என்எல் பேரை எடுத்தாலே "முதல்ல 4ஜி வரட்டும்"னாங்க. 2025 செப்டம்பர் 27ல ஒடிசாவின் ஜார்சுகுடாவுல பிரதமர் அதையும் தொடங்கி வச்சாச்சு. 97,500க்கு மேல டவர். டவர் ரேடியோ கருவி தேஜஸ் கம்பெனி, நடு நெட்வொர்க் (கோர்) அரசோட சி-டாட், எல்லாத்தையும் கோத்தது டிசிஎஸ். வாட்ஸ்அப், யூபிஐ, கொஞ்சம் யூடியூப்னு இருக்கிற குடும்பம் எல்லா நம்பரையும் மாத்திடலாம்ங்கறது என் கட்சி. மறுக்கறவங்க காரணத்தோட வாங்க.

அலைவரிசை
காரணம் இருக்கு. நாட்டுல மொத்தம் எத்தனை டவர்ங்கறது உங்க தெருவுக்கு உதவாது. அந்த டவர்ல எத்தனை மெகாஹெர்ட்ஸ் (அலைக்கற்றையோட அகலம்) ஓடுதுன்னு பாருங்க. 2023 ஜூன் மறுசீரமைப்புத் தொகுப்புல அரசு பிஎஸ்என்எல்லுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில டேட்டா போக 10, வர 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தாங்க. 10 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி நுட்பம்), ரெண்டு ஆன்டெனா, 64 க்வாம் (டேட்டாவை அலையில ஏத்தற முறை): ஏட்டுக் கணக்குல உச்சம் 75 எம்பிபிஎஸ். நெரிசல் நேரத்துல ஒரு செக்டருக்கு (டவரோட ஒரு திசைப் பக்கம்) மொத்தமா 15லேர்ந்து 20 தேறினா பெருசு. அதை 30 பேர் ஒரே நேரம் பங்கு போட்டா ஆளுக்கு அரை எம்பிபிஎஸ், 480பி வீடியோவே திணறும். 2100ல வெறும் 5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுற டவர்னா இதுலயும் பாதி. மத்தவங்க ரெண்டு மூணு பேண்டை (பட்டையை) சேர்த்து ஓட்டறாங்க. ஜியோ, ஏர்டெல்கிட்ட 2300ல இருக்கிற பேண்ட் 40 ஒண்ணே இதைவிட அகலம்.

கொங்குக்காரன்
ஏனுங்க, 700ங்கறது சுவரைத் துளைச்சுட்டு உள்ள வர்ற பட்டைங்க. ஆர்சிசி வீட்டு உள் அறையில 2300 செத்துக் கிடக்கையில 700 நின்னு பேசும். கிராமத்துல ஒரு செக்டர்ல 30 பேரா ஒரே நேரத்துல வீடியோ பார்க்கறாங்க? நகரத்துக் கணக்கைக் கொண்டாந்து எல்லா ஊருக்கும் மாட்டாதீங்க.

அலைவரிசை
துளைக்கும், மறுக்கல. ஆனா போன்ல பேண்ட் 28 (700க்கு 4ஜியில உள்ள பேர்) இருக்கணுமே! 700ஐ 2016 ஏலத்துலயும் 2021 ஏலத்துலயும் இங்க யாரும் எடுக்கல. 2022ல ஜியோ எடுத்தது, அதுவும் 5ஜிக்கு. அதனால இந்தியாவுக்குன்னு வந்த பழைய மலிவு போன்கள்ல பேண்ட் 28ஐ விட்டுட்ட மாடல்கள் உண்டு. அந்தப் போனுக்கு டவர் பக்கத்துல இருந்தும் 700 தெரியாது, 2100 மட்டும்தான் தெரியும். பெட்டியில "5ஜி என்28" போட்டிருக்குன்னு நம்பிடாதீங்க. அது 5ஜி பட்டியல். 4ஜி பட்டியல்ல பி28 தனியா இருக்கணும்.

பொன்னி
ஆன்ட்ராய்டுல *#*#4636#*#* அடிச்சா போன் தகவல் திறக்கும் (சில கம்பெனி மூடி வச்சிருப்பாங்க, அப்போ நெட்மான்ஸ்டர் ஆப்). ஐபோன்ல *3001#12345#*. மேல தெரியற சிக்னல் கோடுகளை விட்டுட்டு ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) பாருங்க: -85 நல்லது, -100 சமாளிக்கும், -115க்குக் கீழ போனா பேச்சே அறுபடும். கூடவே எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு தெளிவுங்கற அளவு): 15க்கு மேல சுத்தம், 0 பக்கத்துல குப்பை. இந்த ரெண்டும் நல்லா இருந்தும் வேகம் இல்லைன்னா கோளாறு உங்க போன்ல இல்ல. விடியற்காலை 4 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்க. காலையில 30, ராத்திரி 2 வந்தா நெரிசல். ரெண்டு நேரமும் அதே 2னா டவரை நெட்வொர்க்கோட சேர்க்கிற பின்னிணைப்பு மெலிசு, பெரும்பாலும் ஃபைபர் இல்லாத மைக்ரோவேவ். நெரிசல் கூடுதல் கேரியர் (இன்னொரு அலைக்கற்றை) போட்டா தீரும். பின்னிணைப்பு ஃபைபர் வந்தாத்தான் தீரும். புகார்ல எதுன்னு எழுதி, புகார் எண் வாங்கிக்குங்க. மேல்முறையீட்டுக்கு அது வேணும்.

சில்லறைக்கணக்கு
இவ்வளவு எதுக்கு? அந்த 4636 மெனுவுலயே "எல்டிஇ மட்டும்"னு வச்சுட்டா 2ஜிக்கு விழாது, வேகம் நிக்கும்.

பொன்னி
ஐயோ, அதைச் செய்ய வேண்டாம்! வோல்ட்டி (4ஜியிலேயே பேசுற வசதி) இயங்காத நம்பர்ல "எல்டிஇ மட்டும்" வச்சா அழைப்பு வரவே வராது. கூப்பிடறவங்களுக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு கேட்கும். முதல்ல ஒருத்தரைக் கூப்பிட்டு, பேசும்போது மேல 4ஜி நிக்குதா, 2ஜின்னு மாறுதான்னு பாருங்க. மாறினா வோல்ட்டி இல்லைன்னு அர்த்தம். பழைய 2ஜி, 3ஜி சிம்னா 4ஜி சிம்மா மாத்தணும்.

மாத்தும்போது ரெண்டு விஷயம். சிம் மாத்தின முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்கிற விதி. பேங்க் ஓடிபியும் சேர்ந்து நிக்கும், அதனால இஎம்ஐ கட்டற நாள்ல மாத்தாதீங்க. ரெண்டாவது, 2024 ஜூலை 1லேர்ந்து சிம் மாத்தின நம்பரை 7 நாளைக்கு போர்ட் பண்ண முடியாது.

அலைவரிசை
ரெண்டு சிம் கட்சிக்காரங்களுக்கும் ஒரு கேள்வி. சாதாரண இரட்டை சிம் போன்ல ஒரு சிம்ல பேசும்போது இன்னொரு சிம்மோட டேட்டா நிக்கும். அழைப்பு வோல்ட்டியில போனா, "அழைப்பின்போது டேட்டா மாற்று" அமைப்பு அந்த நேரத்துக்குப் பேசுற சிம்மோட டேட்டாவைப் பிடிச்சுக்கும். 2ஜியில விழுந்தா அதுவும் கிடையாது, வழி காட்டற மேப் அங்கேயே உறையும். டெலிவரி, டாக்சி ஓட்டறவங்களுக்கு இது பொழப்பு விஷயம்.

கொங்குக்காரன்
அப்போ ஒரே சிம்மா பிஎஸ்என்எல் வெச்சா அந்தத் தொல்லையே இல்லைங்களே! நீங்களே எங்க பக்கம் பாயிண்ட் எடுத்துக் குடுக்கறீங்க. மலை ஊர்க்காரங்க இன்னொண்ணையும் கணக்குல சேர்த்துக்குங்க: அரசோட டிஜிட்டல் பாரத் நிதியில கட்டின 4ஜி டவர்கள்ல 2025 ஜனவரிலேர்ந்து பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூணு பேரும் ஒருத்தர் டவரை ஒருத்தர் வாடிக்கையாளருக்குத் திறந்து விட்டாச்சு. போன்ல ரோமிங் ஆன் பண்ணி வெச்சாத்தான் எடுக்கும். அதை அணைச்சு வெச்சுட்டு சிக்னல் இல்லீங்கன்னா யார் என்ன பண்றது?

அலைவரிசை
அந்தத் திட்ட டவருக்கு மட்டும்தான் அது. பக்கத்துல நிக்கிற தனியாரோட சொந்த டவர்ல ஏறாது. விலைக்கும் வர்றேன். பேக் விலையை அப்படியே வச்சுட்டு நாளைக் குறைக்கறது எல்லாரும் செய்யற வேலை, பிஎஸ்என்எல்லும் செஞ்சிருக்கு. அதனால ரூபாயை நாளால வகுங்க. 299ஐ 28ஆல வகுத்தா நாளுக்கு 10.68. பேச்சுக்கு மட்டும் போதும்னா டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவுக்கு அப்புறம் 2025 ஜனவரியில வந்த டேட்டா இல்லாத பேக்: ஜியோ அப்போ 84 நாளுக்கு 448, அதாவது நாளுக்கு 5.33. வீட்டுல ஃபைபர் வைஃபை இருக்கிற பெரியவங்களுக்கு இது போதும், போர்ட்டே வேண்டாம். அப்புறம் தினசரி டேட்டா தீர்ந்தா பிஎஸ்என்எல் பேக்ல வழக்கமா 40 கேபிபிஎஸ். நொடிக்கு 5 கிலோபைட். 200 கிலோபைட் போட்டோ ஒண்ணு இறங்க 40 நொடி. யூபிஐ எப்படியோ தள்ளாடிப் போயிடும், வீடியோ கால் மறந்துடுங்க.

சில்லறைக்கணக்கு
போர்ட் பண்ணித்தான் பார்ப்போமே. ஆங்கிலத்துல போர்ட்னு அடிச்சு, இடம் விட்டு நம்பர் போட்டு 1900க்கு அனுப்பினா 8 எழுத்து யூபிசி (போர்ட் பண்ணக் காட்ட வேண்டிய குறியீடு) வரும். எஸ்எம்எஸ் இல்லாத பேக்னாலும் இந்த ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்ப விடணும்னு டிராய் சொல்லியிருக்கு. நம்ம தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ள 3 வேலை நாள். பிடிக்கலைன்னா திரும்பி வந்தாப் போச்சு.

பொன்னி
திரும்பி வர 90 நாள் ஆகணும் சார், அந்த விதியைச் சேர்த்துச் சொல்லுங்க. யூபிசிக்கு ஆயுசு 4 நாள்தான். பழைய பேக்ல மிச்சம் இருக்கிற நாளும் டேட்டாவும் போச்சுன்னு வச்சுக்குங்க. அதனால முதல்ல ஒரு புது பிஎஸ்என்எல் சிம் வாங்கி, சின்ன பேக் போட்டு, வீட்டுல படுக்கிற இடம், வேலை இடம், போற வழி மூணுலயும் ஆர்எஸ்ஆர்பி பாருங்க. கரண்ட் போன நேரத்துலயும் ஒரு தடவை பாருங்க. டவர் பேட்டரி நோஞ்சான்னா கொஞ்ச நேரத்துலயே சிக்னல் காணாமப் போகும், அதை எந்த வரைபடமும் காட்டாது. வரைபடம் வேணும்னா ஒவ்வொரு கம்பெனி தளத்துலயும் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜின்னு பிரிச்சு வெளியிடணும்னு டிராய் விதி இருக்கு. நிறம் தெரியறதை வச்சு உள் அறையில எடுக்கும்னு முடிவு கட்டாதீங்க.

கொங்குக்காரன்
சரிங்க, சோதிச்சுப் பார்த்துட்டு மாறட்டும், அதுல சண்டை இல்ல. ஆனா சோதனைக்கு எடுத்துட்டுப் போற போன்ல பி28 இல்லாம "பிஎஸ்என்எல் வேஸ்ட்"னு வந்து எழுதறவங்களுக்கு இங்க பதில் கிடையாதுங்க.

அலைவரிசை
அதேபோல டவருக்கு அடியில நின்னு காலை 6 மணிக்கு எடுத்த வேகத்தை ஸ்கிரீன்ஷாட் போடறவங்களுக்கும். ராத்திரி 9 மணி படம் போடுங்க, பேண்ட் எண்ணும் ஆர்எஸ்ஆர்பியும் தெரியணும்.