கவுன்சில் பணத்தை மண்டல வாரியாகப் பங்கு போடலாமா?

மட்டக்கோல்:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 2022 தேர்தலில் எதிரெதிரே நின்ற பாரிசான், பக்காத்தான் கூட்டணிகள் பிறகு சேர்ந்து ஆட்சி அமைத்தன. கவுன்சிலர் பதவிகளும் கட்சிகளுக்குள் பிரிந்தன. இப்படிப்பட்ட மன்றத்தில் சண்டையைத் தவிர்க்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பணத்தை ஆள் கணக்கில், அதாவது ஒவ்வொரு கவுன்சிலரின் மண்டலத்துக்கும் சமமாக, வகுத்துவிடுவது. உள்ளாட்சிக்கான 171-வது சட்டப்படி தலைவர் நீங்கலாக 8 முதல் 24 கவுன்சிலர்கள் இருக்கலாம். 24 பேர், 12 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி அங்பாவ் மாதிரி ஆளுக்கு 50 ஆயிரம். சாலைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு பெட்டிக் கல்வெர்ட் (கான்கிரீட் மதகு) போட அது பத்தாது. அதனால் எல்லோரும் 50 ஆயிரத்துக்குள் அடங்கும் வேலையையே தேடுவார்கள்: தெருவிளக்கு, நிழற்குடை, கால்வாய் மூடி, குழிக்குத் தார்.

கால்வாய் மண்டல எல்லை பார்த்து ஓடுவதில்லை. மேட்டுத் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) 300 மில்லிமீட்டர் கால்வாயை அகலம், ஆழம் இரண்டிலும் 600 ஆக்கினால், அதே சரிவில் அது சுமக்கும் தண்ணீர் ஏறக்குறைய 6 மடங்கு. கீழ் மண்டலத்தில் பழைய 450 மில்லிமீட்டர் கால்வாய் அப்படியே கிடந்தால், நல்ல மழையில் மேலிருந்து வருவதில் பாதியைக்கூட அது தாங்காது. மேட்டில் வெள்ளம் தீர்ந்தது என்று பேனர் கட்டுவார்கள், பள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். கால்வாய் ஆற்றில் சேரும் ஆற்று வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஏறுவதுதான் சரியான வரிசை.

நான் சொல்வது இதுதான். 10 பங்கில் 7 பொது வேலைக்கு, 3 மண்டலத்துக்கு. எதற்கு முன்னுரிமை என்ற மதிப்பெண் விதியை, வேலைப் பட்டியல் மேசைக்கு வரும் முன்பே ஓட்டெடுத்து முடித்துவிட வேண்டும். பட்டியலைப் பார்த்த பிறகு விதி எழுதினால் ஆளாளுக்குத் தன் வேலை ஜெயிக்கிற மாதிரி எழுதுவார்கள்.

ஓட்டுப்பெட்டி:
விதி எழுதுகிறவர் யாருக்குப் பயப்படுகிறார்? அதைச் சொல்லுங்கள் முதலில். உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968-இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1976-இல் வந்த 171-வது சட்டம் அதற்கு நேர் எதிராகப் போனது. இன்றைக்குக் கவுன்சிலரை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகாது. அடுத்த தவணைக்குப் பெயரைக் கொடுப்பது கட்சி. தாமான்காரர்களின் கோபம் அவரைத் தொடாது. இந்த நிலையில் மதிப்பெண் பலகை வைத்து என்ன பயன்?

மட்டக்கோல்:
உள்ளாட்சித் தேர்தல் நடத்தப் பினாங்கு 2012-இல் தனிச் சட்டமே போட்டுப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. நாடாளுமன்றம் மனசு வைக்கும்வரை கால்வாய் காத்திருக்குமா? இன்னொன்று: ஓட்டு வாங்கி வருகிறவர் "என் மண்டலத்துக்கு என் பங்கு" என்று இன்னும் சத்தமாகத்தான் கேட்பார்.

அஞ்சாம்பிரிவு:
மட்டக்கோல் அண்ணே, உங்கள் மதிப்பெண்ணில் தோட்டம் எங்கே வரும்? வீட்டு எண்ணிக்கை பார்த்தால் தாமான் 600 வீடு, லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) 40 வீடு. சாலை பார்த்தால் தோட்டப் பாதை கம்பெனி நிலம். சாலைப் பராமரிப்பு மானியத்துக்கான மாரிஸ் பதிவேட்டில் இல்லாத சாலைக்கு அந்தப் பணம் வராது. லயத்து வசதி, தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 446-வது சட்டப்படி முதலாளி பொறுப்பு என்று கவுன்சில் கையை விரிக்கும், கம்பெனி கவுன்சிலைக் காட்டும். மண்டலப் பங்கு இருந்தால் எங்கள் கவுன்சிலராவது நுழைவாயிலில் ஒரு விளக்கு போடுவார். அதையும் பிடுங்கி "பொது"வில் போட்டால் எங்களுக்கு மிஞ்சுவது பூஜ்யம்.

இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை. செம்பனை மறுநடவு ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை. பழைய மரத்தைச் சாய்த்ததும் மண் வெறுமையாகக் கிடக்கும். ஒரு பெரிய மழைக்கு அவ்வளவும் இறங்கி டவுன் கால்வாயில் படியும். 600 மில்லிமீட்டர் கால்வாய் போட்டாலும் பாதி மண் என்றால் நீங்கள் போட்ட கணக்கு என்ன ஆகும்? தோட்ட எல்லையில் மண் தேக்கும் குழி வேண்டும், அதை வாருவதற்கு எக்ஸ்கவேட்டர் இறங்கும் வழியும் வேண்டும். மறுநடவு தொடங்கும் முன்பே கம்பெனியோடு எழுத்தில் பேசி முடிக்க வேண்டிய வேலை இது.

கூட்டக்குறிப்பு:
மூன்று பேரும் முடிவு எந்த அறையில் நடக்கிறது என்பதைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். 171-வது சட்டத்தின் 23-வது பிரிவுப்படி முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது, மூட வேண்டுமானால்தான் தீர்மானம் வேண்டும். செயற்குழுக்களுக்கு நேர்மாறு, தீர்மானம் போட்டால்தான் திறக்கும். உண்மையான பேரம் நடப்பதோ செயற்குழுவில். முழு மன்றம் தலையாட்டி அனுப்புகிறது. ஆகவே முதல் வேலை, அடிப்படை வசதிச் செயற்குழுவைத் திறக்க அந்தக் குழுவே ஒரு தீர்மானம் போடுவது. ஒரு பக்கம் போதும், செலவும் இல்லை.

அடுத்தது ஒத்திவைப்பு. பிளவுபட்ட மன்றத்தில் யாரும் "வேண்டாம்" என்று ஓட்டுப் போடுவதில்லை, "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்பார்கள். ஒரு விஷயத்தை ஒரே முறைதான் தள்ளலாம் என்று வையுங்கள். தள்ளும்போது எந்தத் தகவல் குறைகிறது, யார் கொண்டுவருவார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் குறிப்பில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லி ஓட்டு. சரிசமமாக வந்தால் தலைவரின் கூடுதல் ஓட்டு இருக்கவே இருக்கிறது. இல்லையென்றால் என்ன ஆகும் தெரியுமா? ஆண்டு முடிவில் பணம் மிஞ்சி, அக்டோபர் நவம்பரில், நம் மேற்குக் கரையில் மழை கொட்டும் நேரத்தில், அவசரமாகத் தார் ஊற்றுவார்கள். ஈரத்தளத்தில் தார் ஒட்டாது. சீனப் பெருநாளுக்குள் பெயர்ந்துவிடும்.

ஓட்டுப்பெட்டி:
செயற்குழுவைத் திறந்தால் பேரம் கட்சி அலுவலகத்துக்கு மாறும். அவ்வளவுதான் நடக்கும். பினாங்கில் 2012 முதல் சில அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களே செலவை ஓட்டெடுத்து வரிசைப்படுத்திய முறையைப் பாருங்கள். அங்கே ஓட்டு மக்கள் கையில்.

கூட்டக்குறிப்பு:
நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் தங்கள் கட்டடத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆற்று வாயில் கல்வெர்ட்டுக்கு மேட்டுத் தாமான்காரர் ஓட்டுப் போடுவாரா? பேரம் வெளியே போனாலும் சரி, செயற்குழுவில் அவர் பெயரோடு கை தூக்கியாக வேண்டும். விதிக்கு எதிராகத் தூக்கினால் காரணமும் எழுத்தில் வரும்.

மட்டக்கோல்:
அஞ்சாம்பிரிவு சொன்ன மண்குழி சரியான பிடி. விதியை இப்படி மாற்றலாம்: வேலை நடக்கும் இடத்து வீடுகளை எண்ணாமல், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வழி முழுக்க உள்ள வீடுகளை எண்ணுவது. அப்போது தோட்ட எல்லைக் குழிக்கு 40 வீடு என்ற கணக்கு போய், கீழே உள்ள 600-உம் சேரும். பட்டியலில் மேலே வந்துவிடும்.

அஞ்சாம்பிரிவு:
கால்வாய்க்கு ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. சாலைக்கு? தண்ணீர் கீழே இறங்கும், உங்கள் கணக்கில் சேரும். எங்கள் பாதை லயத்தில் முடிகிறது, அதற்கு அப்பால் வீடே இல்லை. பள்ளி வேன் போகிற வேறு வழி இல்லாத பாதைக்குத் தனி மதிப்பெண் வைப்பீர்களா? நிலம் கம்பெனியுடையது என்றால், பொதுப்பாதையாக ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது யார், ஒய்.டி.பி. என்கிற கவுன்சில் தலைவரா, நில அலுவலகமா? 3 பங்கில் கை வைப்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும்.