1/2π: ஒரே கணக்கு, இரண்டு கால்குலேட்டர், இரண்டு விடை

சுருள்வில்:
வணக்கம். சிங்கப்பூரில் ஜூனியர் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் எடுக்கிறேன். சுருள்வில்லில் ஆடும் எடையின் அதிர்வெண் கணக்கு: வில் மாறிலி 200, நிறை 0.5 கிலோ. 1/2π × √(200/0.5) என்று இரண்டு மாணவிகள் ஒரே மாதிரிதான் அழுத்தினார்கள். கேசியோ எஃப்எக்ஸ்-991ஈஎக்ஸ் 3.18 என்றது, டிஐ-84 பிளஸ் வரைபடக் கால்குலேட்டர் 31.4 என்றது. சரியான விடை 3.18 ஹெர்ட்ஸ். இரண்டாமவள் அலகு மாற்றத்தில் தவறு என்று எண்ணி அதையே சரிபார்த்துக்கொண்டிருந்தாள். டிஐ-84இல் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

தேக்காவாசி:
அமைப்பில் கோளாறு இல்லை. டிஐ-84 இடமிருந்து வலமாகப் போகிறது: 1ஐ 2ஆல் வகுத்து, வந்ததை πயால் பெருக்குகிறது. கேசியோ, பெருக்கல் குறியில்லாமல் ஒட்டி நிற்கும் 2πயை ஒரே உறுப்பாக எடுத்துக்கொள்கிறது. விடை வந்ததும் மேல்வரியைப் பாருங்கள், 1÷(2π) என்று அடைப்புக்குறியைத் தானே போட்டிருக்கும். இரண்டு விடைகளின் விகிதம் π², அதாவது 9.87. பத்து மடங்குப் பிழைபோலவே தோன்றும். அந்தப் பெண் அலகைச் சந்தேகித்ததில் வியப்பே இல்லை.

கேசியோவிலும் கவனம் தேவை. √க்கு முன்னால் உள்ள × விடுபட்டால் வர்க்கமூலமும் கீழே இறங்கி 0.00796 வரும்.

பழையகருவி:
ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. டிஐ-82இல் 1/2எக்ஸ் என்றால் 1/(2எக்ஸ்), வரைந்தால் அதிபரவளையம். அடுத்து வந்த டிஐ-83இல் அதே விசைகளுக்கு அரை சாய்வுள்ள நேர்கோடு.

சுருள்வில்:
அப்படியானால் எந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது?

தேக்காவாசி:
இரண்டையும் வேண்டாம். ஒரு கருவியின் பழக்கத்தைக் கணித விதியென்று மாணவர்களிடம் சொல்வது அநியாயம். எழுத்தே தெளிவில்லாதது. ஐஎஸ்ஓ 80000-2 தரநிலையும், சாய்கோட்டுக்குப் பின் அதே வரியில் பெருக்கலோ வகுத்தலோ வந்தால் அடைப்புக்குறி போடச் சொல்கிறது. பலகையில் கிடைக்கோட்டுப் பின்னமாக எழுதுங்கள். டிஐ-84இல் ஆல்பா விசையை அழுத்தி, பிறகு 'ஒய்=' விசையை அழுத்தினால் பின்ன வார்ப்பு கிடைக்கும்; பகுதியில் 2π இடலாம்.

பழையகருவி:
தேர்வு அவசரத்தில் வார்ப்பைத் தேட நேரமிருக்காது. 1/(2π) என்று அடைப்புக்குறியோடு அழுத்தும் பழக்கம் எந்தக் கருவியிலும் கைகொடுக்கும்.

சுருள்வில்:
அடைப்புக்குறியோடு அழுத்தச் சொன்னேன், இரண்டிலும் 3.18. மிக்க நன்றி. அடுத்த வகுப்பில் டிஐ-84 திரையில் 1/2எக்ஸ், 1/(2எக்ஸ்) இரண்டையும் ஒன்றாக வரையச் சொல்லப்போகிறேன்.