மணிவிழாக் குழு: சாயங்கால நிகழ்ச்சி யாருக்கு?

மாலதி அத்தை: எல்லோரும் கவனியுங்கள். திருக்கடையூரில் காலைப் பூஜை முடிந்ததும் மாயவரம் மண்டபத்துக்கு வந்துவிடுகிறோம். சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நம்ம சேகர் இருக்கும்போது வெளியாள் எதற்கு? இரண்டு மணி நேரமும் அவனே சிரிக்கச் சிரிக்கப் பேசிப் பார்த்துக்கொள்வான்.

முருகேசன் மாமா: அருமை

கார்த்தி: இரண்டு மணி நேரமா!!

சேகர் சித்தப்பா: அக்கா சொன்னால் சரி. எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா: ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்த முன்பணம்?

மாலதி அத்தை: அதை அப்புறம் பேசலாம்

குமரன் அண்ணா: அத்தை, ஒரு நிமிடம். சித்தப்பா மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே அமெரிக்காவில் என்.பி.சி. டிவி 2004-ல் இதே வேலையைப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. ஃப்ரெண்ட்ஸ் என்று ஆறு நண்பர்களைப் பற்றி ஒரு காமெடித் தொடர், பத்து சீசன் ஓடியது. கடைசி எபிசோடை 5 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அவ்வளவு கூட்டத்தை விட யாருக்கு மனசு வரும்? ஆறு பேரில் ஜோயி என்கிற சாப்பாட்டு ராமனை மட்டும் பிரித்தெடுத்து, அவன் பேரிலேயே புதுத் தொடர் போட்டார்கள். அதே வியாழக்கிழமை, அதே எட்டு மணி. முதல் நாள் 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டாவது சீசனோடு கடையைக் கட்டிவிட்டார்கள். 46 எபிசோட் எடுத்து வைத்திருந்தும் கடைசி எட்டை அமெரிக்காவில் ஒளிபரப்பவே இல்லை.

முருகேசன் மாமா: யார் ஜோயி?

தீபா: நடிகர் மேட் லெப்ளாங்க், மாமா

முருகேசன் மாமா: சரி

மாலதி அத்தை: குமரா, இதற்கும் உன் அப்பா மணிவிழாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?

உமா சித்தி: எனக்குப் புரிந்துவிட்டது.

குமரன் அண்ணா: சித்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரெண்ட்ஸ் மூன்றாவது சீசனில் ஒரு எபிசோட். ஆறு பேரில் ராஸ் என்பவனுக்கு மியூசியத்தில் விழா. நேரமாகிவிட்டது, ஒருத்தரும் கிளம்பவில்லை. ஒரு நாற்காலிக்காக இன்னொரு நண்பன் சாண்ட்லரோடு சண்டை போட்ட ஜோயி, சாண்ட்லருடைய துணி அத்தனையையும் சட்டை மேல் சட்டையாக மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். கையைக் கீழே இறக்க முடியாது. அதில் எதற்குச் சிரிக்கிறோம்? ராஸ் பதறுகிறான், சாண்ட்லர் பல்லைக் கடிக்கிறான். அதற்குத்தான். அந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டால், ஒருத்தன் நிறைய சட்டை போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

கார்த்தி: மாட்டுக்கறி கஸ்டர்டும் அதே கதைதான்

மாலதி அத்தை: என்னது?

கார்த்தி: அந்த ஆறு பேரில் ரேச்சல் என்பவள் இனிப்பு செய்வாள் அத்தை. சமையல் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதால் நடுவில் ஓர் அடுக்கு கறி வைத்துவிடுவாள். மற்றவர்கள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழிப்பார்கள். ஜோயி மட்டும் ரசித்துச் சாப்பிடுவான்.

மாலதி அத்தை: கருமம்

முருகேசன் மாமா: மண்டபத்தில் ராத்திரி சைவமா அசைவமா?

அப்பா: திருக்கடையூர் போய்விட்டு வந்து அசைவமா?

முருகேசன் மாமா: கேட்டேன், அவ்வளவுதான்

தீபா: குமரன் அண்ணா, அப்படியென்றால் ஃப்ரேசியர் என்ற தொடர் எப்படி ஓடியது? சியர்ஸ் தொடரில் பாரில் உட்கார்ந்திருந்த மனநல மருத்துவர்தானே? தனியாக வந்து 11 சீசன், 37 எம்மி விருது.

குமரன் அண்ணா: சரியாகக் கேட்டாய். அவனை சியாட்டிலுக்கு அனுப்பியபோது, ரிட்டையரான போலீஸ்கார அப்பாவைக் கொண்டுவந்து வீட்டிலேயே குடி வைத்தார்கள். அவனைவிடப் பந்தா பண்ணும் தம்பி ஒருவன். இவன் வாயைத் திறந்தால் வாருவதற்கு ஆள் தயார். ஜோயியை லாஸ் ஏஞ்சலஸ் அனுப்பினார்கள். சகோதரி, அவளுடைய அறிவாளி மகன், பக்கத்து வீட்டு வக்கீல். ஆள் இல்லாமல் இல்லை, ஆனால் பார்க்கிற நமக்கு அவர்களோடு பத்து வருஷப் பழக்கம் இல்லையே. ஏஜென்டாக வரும் ஜெனிஃபர் கூலிட்ஜ் இருந்தால்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஃப்ரெண்ட்ஸை உருவாக்கிய டேவிட் கிரேனும் மார்ட்டா காஃப்மனும் இதில் இல்லவே இல்லை.

முருகேசன் மாமா: நீளமாக இருக்கிறது, ராத்திரி படிக்கிறேன்

சேகர் சித்தப்பா: போன வருஷம் வளைகாப்பில் வயிறு வலிக்கச் சிரித்தது யார்? அமெரிக்காக்காரனா?

அப்பா: சிரித்தோம். நீ பேசியது பத்து நிமிடம். அதிலும் முருகேசன் குறுக்கே குறுக்கே மறுத்துப் பேசியதுதான் எடுபட்டது.

முருகேசன் மாமா: நான் எங்கே பேசினேன்? என் வேட்டி அவிழ்ந்தது என்றான். அவிழவில்லை என்றேன்.

கார்த்தி: மாமா, அதுதான் ஹிட்

முருகேசன் மாமா: அவிழவில்லை

உமா சித்தி: அவர் ரெண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறார். வேண்டாம் என்றால் போனில் சொல்லியிருக்கலாம், இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டாம். வாய்க்கால் ஓர மனை விஷயத்திலும் எங்களிடம் கடைசியில்தான் சொன்னீர்கள்.

அப்பா: உமா, மனைப் பேச்சு இங்கே வேண்டாம்

மாலதி அத்தை: ஆமாம், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில்

குமரன் அண்ணா: சித்தி, அந்த நடிகர் மேல் யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் எபிசோட்ஸ் என்ற தொடரில் தன்னையே கிண்டல் பண்ணி நடித்து 2012-ல் கோல்டன் குளோப் விருது வாங்கினார். அதில் அவரோடு மல்லுக்கட்ட ஆள் வைத்திருந்தார்கள். எங்கே வைக்கிறோம், யாரோடு வைக்கிறோம் என்பதுதான் விஷயம். ஜோயியைக் கடைசியில் செவ்வாய்க்கிழமைக்குத் தூக்கி அமெரிக்கன் ஐடல் என்ற பிரபலமான பாட்டுப் போட்டிக்கு எதிரே போட்டார்கள். யார் பார்ப்பார்கள்?

அப்பா: இது பாயிண்ட். பந்தி நேரத்தில் வைத்தால் மேடையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆர்கெஸ்ட்ரா நடுவில் பதினைந்து நிமிடம் சேகர், கூட முருகேசன்.

முருகேசன் மாமா: நான் மேடை ஏறமாட்டேன்

தீபா: கீழே உட்கார்ந்தே மறுத்துப் பேசுங்கள் மாமா

மாலதி அத்தை: அப்படியென்றால் ஆர்கெஸ்ட்ரா உண்டா?

அப்பா: அண்ணனைக் கேள்

மாலதி அத்தை: அண்ணன் உன்னைக் கேட்கச் சொல்கிறார்

சேகர் சித்தப்பா: [குரல் செய்தி, 4:12]

முருகேசன் மாமா: பஸ்ஸில் இருக்கிறேன், எழுதிப் போடு

கார்த்தி: நாலு நிமிடமா சித்தப்பா

உமா சித்தி: கேட்டுவிட்டுப் பேசு கார்த்தி

மாலதி அத்தை: வேன் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள். பூக்காரர் வேறு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.