புதுப்பிப்பு: ஜவ்வாது மலை போயிட்டு வந்தாச்சு

வேலூர்ல இருந்து ஜவ்வாது மலைக்கு குடும்பத்தோட எந்த வழியா, என்னைக்கு போறதுன்னு கேட்டிருந்தேன்ல, சொன்ன எல்லாருக்கும் நன்றி. "சனிக்கிழமை போங்க, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ஏறுங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதான் கை கொடுத்துச்சு. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அந்த ரூட்லயே வந்துடுது, பொதுமக்களை விடறதும் சனிக்கிழமைதான், 2.3 மீட்டர் டெலஸ்கோப்பை பகல்லயே சுத்திக் காட்டுறாங்க, ஆனா ராத்திரி நம்மளை பார்க்க விடறது சின்ன டெலஸ்கோப்லதான், அதுவும் மேகம் இல்லன்னா மட்டும். நிலாவுல இருக்குற பள்ளத்தை பார்த்துட்டு பசங்க நகரவே இல்ல!

எதிர்பார்க்காதது பீமன் அருவி, தண்ணி நூல் மாதிரிதான், மழைக்கு அப்புறம் போங்க. ஜமுனாமரத்தூர்ல சாமை அரிசியும் மலைத்தேனும் வாங்கினோம். குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.