'சேஞ்ச் மேனேஜ்மெண்ட்': தமிழில் என்ன சொல்வது?

கும்பகோணத்திலிருந்து:
அன்பர்களே, அவசரம். நெல் அரவை ஆலைகள் நடத்தும் ஒரு குழுமத்துக்குக் கைப்புத்தகம் மொழிபெயர்க்கிறேன். கொள்முதல், இருப்பு, கூலி எல்லாம் கணினிக்குப் போகின்றன. அதற்குப் பணியாளர்களைத் தயார்படுத்தும் புத்தகம். இப்படி ஒரு மாற்றத்துக்கு ஆட்களைத் தயார்படுத்தி நடத்திச் செல்வதைத்தான் ஆங்கிலத்தில் 'சேஞ்ச் மேனேஜ்மெண்ட்' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதை 'மாற்ற மேலாண்மை' என்று எழுதி ஆலைக் கணக்கரிடம் படித்துக் காட்டினேன். "மேனேஜரை மாத்தப் போறாங்களா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எழுத ஓடவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, வகுப்பில் நான் சொல்லித்தருவதும் மாற்ற மேலாண்மைதான். உளவியலாளர் குர்ட் லெவின் 1947-இல் 'உறைந்ததை இளக்கு, மாற்று, மறுபடி உறையவிடு' என்றார். நிர்வாகவியல் பேராசிரியர் ஜான் கோட்டர் 1996-இல் மாற்றத்துக்கு எட்டுப் படிகள் வைத்தார். அந்தப் படிகளை முன்னின்று நடத்துவது தலைமை. சொல் பொருந்துகிறது.

திருவாரூரிலிருந்து:
கோளாறே அந்த 'மேல்' என்பதில்தான் இருக்கிறது. மேலிருந்து ஆள்வது மேலாண்மை. முதலாளி மென்பொருள் வாங்குகிறார், ஒரே நாள் பயிற்சி, திங்கட்கிழமை முதல் கணினி. கணக்கர் பயந்துகொண்டு பேரேட்டிலும் எழுதுகிறார், கணினியிலும் ஏற்றுகிறார். நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொன்ன பெரியவர் பக்கத்தில் ஈரப்பதமானியை வைத்து, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்காதே என்கிறார்கள். கருவி காட்டுவது சரியா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவர் முரண்டு பிடிக்கிறார் என்று பெயர். 'புதுமை ஏற்பு' என்று வையுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:
ஏற்பா? 'ஏற்பது இகழ்ச்சி' என்கிறது ஆத்திசூடி. ஏற்றல் என்றால் கைநீட்டி வாங்குவது. நன்னூல் கொடுத்ததை எடுத்துக்கொள்வோம்: 'பழையன கழிதலும் புதியன புகுதலும்'. 'புதியன புகுத்தல்' போதும்.

திருவாரூரிலிருந்து:
நன்னூல் எழுதிய பவணந்தியார் சொன்னது புகுதல், தானே நுழையும் தன்வினை. நீங்கள் ஒரு 'த்' சேர்த்து, பிறர் நுழைக்கும் பிறவினை ஆக்கிவிட்டீர்கள். ஆலையில் நடக்கும் தப்பும் அதே 'த்'தான், ஐயா.

மன்னார்குடியிலிருந்து:
நான் விவசாயி. பறித்து நட்ட நாற்று முதலில் வாடும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். அதுவரை தண்ணீரை அளவாகத்தான் வைப்போம். 'வேர்ப்பிடிப்பு' என்று சொல்லலாமே? நாற்றை ஒவ்வொன்றாக நடும் முறைக்கு 'செம்மை நெல் சாகுபடி' என்று அரசாங்கம் பெயர் வைத்தது. எங்கள் பக்கம் 'ஒற்றை நாற்று நடவு' என்றால்தான் புரியும்.

மயிலாடுதுறையிலிருந்து:
அழகான சொல். 'ப்' வேண்டுமா? நன்னூலின் 'யரழ முன்னர்' நூற்பாப்படி, வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிப் புணர்ச்சியில் இயல்பும் வரும், மிகுதலும் வரும்; வேற்றுமையில் மிகுதலும் வரும், இன மெல்லெழுத்தோடு உறழ்தலும் வரும். வேர் பிடிப்பதா, வேரினது பிடிப்பா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து:
'ப்' பற்றிய பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். வேர்ப்பிடிப்பு என்பது விளைவு. மேலாண்மை என்பது செயல். விளைவின் பெயரைச் செயலுக்கு வைத்தால் தலைமை செய்ய வேண்டிய வேலைக்குப் பெயரே இல்லாமல் போகும். பயிர் வாடினால் நாற்றைத்தான் குறை சொல்வார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் வேர்ப்பிடிப்பு பக்கம். தலைப்பில் 'மாற்றத்தை வேர்பிடிக்கச் செய்தல்' என்று போட்டுவிட்டேன், செயலும் வந்துவிடும். உள்ளே வேர்ப்பிடிப்பு. 'மாற்ற மேலாண்மை' முதல் பக்கத்தில் ஒரு தடவை. கணக்கரிடம் மறுபடி படித்தேன். "வேர் பிடிக்க எத்தனை நாள் குடுப்பாங்க?" என்றார். மூலத்தில் அதற்குப் பதில் இல்லை. குழுமத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
கைப்புத்தகத்துக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதானால் என் மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.