விசுவரூபப் படத்தில் காலில் உலகங்கள், வாயில் மனிதர்கள்: ஏன்?

காவிரிக்கரையாள்:
வணக்கம். என் பாட்டியின் பூசையறையில் இருந்த பழைய அச்சுப் படமொன்று இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. கண்ணன் விசுவரூபம் எடுத்து நிற்க, கீழே தேரருகில் அருச்சுனன் கைகூப்பியிருக்கிறான். பெருமானின் கால்களில் பாம்புகளும் கோட்டைகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. வாய்களிலோ மனிதர்கள் அகப்பட்டுக் கிடக்கிறார்கள். காப்பவனாக நாம் வணங்கும் உருவத்தில் இந்தக் கோரம் ஏன்? இப்படத்தை வீட்டில் வைக்கலாகாது என்று உறவினர் சிலர் சொல்வதால் அம்மா கலங்கியிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி:
ஓவியர் இரு நூல்களை ஓருடலில் இணைத்திருக்கிறார், அம்மா. உள்ளங்காலில் பாதாளம், கணுக்காலில் மகாதலம், முழங்காலில் சுதலம் என்னும் கீழுலகங்கள், கொப்பூழில் ஆகாயம், தலையில் மேலுலகமான சத்தியலோகம் என்று அடிமுதல் முடிவரை மனத்தில் நிறுத்தித் தியானிக்கச் சொல்வது பாகவதத்தின் இரண்டாம் ஸ்கந்தம், அதாவது இரண்டாம் பகுதி. 19ஆம் நூற்றாண்டு ஜெய்ப்பூர் ஓவியங்களிலும் இப்படி உடலே உலகப் படமாக விரிவதைக் காணலாம். வாய்கள் கீதையின் 11ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் திருதராட்டிரனின் மக்களும் அவ்வாய்களுக்குள் விரைவதையும், சிலர் பற்களிடையே சிக்கித் தலை நொறுங்கியிருப்பதையும் அருச்சுனன் காண்கிறான்; "நானே காலம்" என்று கண்ணன் விடை தருகிறான். ஆகவே, அது போரின் முடிவு முன்கூட்டியே தெரியும் இடம்.

பலாப்பலகை:
தஞ்சாவூர் ஓவியம் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எண்ணற்ற முகங்கள் என்று சுலோகம் ஒரு சொல்லில் சொல்லிவிடும். பலகையில் அது இயலாது. நடு முகத்தை நேராக எழுதி, இருபுறமும் மற்ற முகங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கி, கைகளை விசிறிபோல் விரித்து, ஓரத்துக் கைகளைச் சட்டத்தின் விளிம்பு வெட்டும்படி விட்டால்தான் பார்ப்பவருக்கு எண்ணி முடியாது. நான் எழுதும்போது கோரைப்பல்லைப் பக்க முகங்களுக்கே வைப்பேன். நடு முகம் சாந்தமாகவே இருக்கும். உங்கள் படத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

துளசிமாடம்:
தங்கள் தாயாரின் அச்சம் பிழையன்று. அருச்சுனனே நடுங்கி, நான்கு தோள்களுடைய பழைய உருவத்தைக் காட்டும்படி கீதையின் அதே அத்தியாயத்து 46ஆம் சுலோகத்தில் வேண்டுகிறான், கண்ணனும் அவனைத் தேற்றுகிறான். அருகில் சங்குசக்கரத்துடன் நிற்கும் பெருமாள் படமொன்றையும் மாட்டி வையுங்கள்.

காவிரிக்கரையாள்:
அனைவருக்கும் நன்றி. நடு முகம் புன்னகையோடுதான் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, வலப்புற வாயொன்றில் வெண்தாடி முதியவர் ஒருவர் தெரிந்தார். அம்மா கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி, "பீஷ்மரா?" என்று கேட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.